வெள்ளிக்கிழமைத் தட்டுகள்

ஜனவரி 14

அன்புள்ள வாலு,

முப்பத்தெட்டு வயதுக்காரியை இப்படிக் கூப்பிடக் கூடாது என்று போன கடிதத்திலும் எழுதியிருந்தாய். ஆராய்ச்சிக்கூடத்தில் உன்னை எல்லாரும் மேடம் என்கிறார்களாம். என்னிடமும் மேடம் பட்டம் வேண்டும் என்றால் நீ எனக்கு முன்னால் பிறந்திருக்க வேண்டும்.

காலையில் விரல்கள் மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதச் சொன்னாய். நாற்பது நிமிடம். குளிர் அதிகமான நாளில் ஒரு மணி நேரம். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உன் அத்தான் எதிரில் வந்து உட்கார்ந்துகொள்வார். நான் பதில் பேச முடியாத நேரம் பார்த்துத்தான் அவருக்குப் புகார்கள் எல்லாம் ஞாபகம் வரும். நேற்று பெயின்ட் பட்டறையில் ஒரு கார்க்காரர், 'இது என் கார் சிவப்பே இல்லை' என்று சண்டை பிடித்ததைக் கார்க்காரராகவும் முதலாளியாகவும் காராகவும் மாறி மாறி நடித்துக் காட்டினார். காது கேட்காதவர்கள் எத்தனையோ பேரை என் வேலையில் பார்த்திருக்கிறேன். இந்த மனிதர் அளவுக்கு ஓயாமல் பேசுகிறவரைப் பார்த்ததில்லை.

இதையெல்லாம் ஃபோனில் சொல்லக் கூடாதா என்பாய். அவர் வீட்டில் இருக்கும்போது நான் வாயால் பேசுவதில்லை. கல்யாணமான முதல் வாரத்தில் நானாகப் போட்டுக்கொண்ட சட்டம் அது. இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை நீ வருகிறாய்தான். உனக்கோ சைகையில் 'சாப்பிட்டாச்சா', 'தூங்கு' இரண்டைத் தாண்டி ஒன்றும் வராது. ஆகவே நாம் இருவரும் மனம்விட்டுப் பேசுவது காகிதத்தில்தான். அதில் அவருக்கும் பங்கு உண்டு. உன் கடிதம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கையால் வாசித்துக் காட்டுவேன். உன் ஜோக்குகளை நான் கொஞ்சம் தேற்றித்தான் சொல்கிறேன்.

இப்போது அந்தப் புது மருந்து. மூட்டு டாக்டரிடம் கேட்டேன். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "இப்ப போடற ஊசி பாதியாவது வேலை செய்யுது. பாதி வேலை செய்யற மருந்தை நிறுத்தறது எனக்குப் பிடிக்கலை. உங்க தங்கச்சி லேப்ல இருக்காங்க. நான் நோயாளிங்களோட இருக்கேன்." அந்த ஊசியால்தான் போன வருடம் இரண்டு முறை நுரையீரலில் சளி கட்டி, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்பதும் நிஜம்.

சோதனையில் சேர வேண்டும் என்றால் ஊசியைப் பன்னிரண்டு வாரம் நிறுத்த வேண்டும் என்கிறாய். பத்தொன்பது வருடமாக கோர்ட்டில் காது கேட்காதவர்களின் சாட்சியத்தை இந்த விரல்களை வைத்துத்தான் மொழிபெயர்க்கிறேன். அதைக்கூட விடு. வீட்டில் என் புருஷனிடம் பேசுவதும் இவற்றால்தான். இவை போனால் ஒரே வீட்டில் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஒரே ஒரு கேள்வி. விஞ்ஞானி பதில் வேண்டாம், தங்கை பதில் போதும். நிறுத்தட்டுமா?

அக்கா


ஜனவரி 22

அன்புள்ள அக்கா,

விஞ்ஞானி பதிலையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மூட்டுக்குள் ஒரு சவ்வு இருக்கிறது. நல்ல மூட்டில் அது வெங்காயத் தோலை விட மெல்லியது. அதில் இருக்கும் செல்கள் ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நீட்டிக்கொண்டிருக்கும். அது பக்கத்துச் செல்லின் புரதத்தைப் பிடித்துக் கோத்துக்கொள்ளும். கேடெரின் என்று அதற்குப் பெயர். நாங்கள் ஒட்டுப் புரதம் என்றே சொல்வோம். அது இல்லை என்றால் சவ்வே நிற்காது. உன் நோயில் அது அளவு மீறிப் போகிறது. செல்கள் பெருகி, கெட்டியாகக் கோத்துக்கொண்டு, தடித்த மெத்தை ஆகி, குருத்தெலும்பின் மேல் ஊர்ந்து அதை அரிக்கின்றன. ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் மூட்டுக்குள் இறங்குவதும் வேறு வகை ஒட்டுப் புரதங்களைப் பிடித்துக்கொண்டுதான்.

நீ போடும் ஊசி வீக்கத்தைக் குறைக்கிறது. கூடவே உடம்பின் காவலையும் தளர்த்திவிடுகிறது. உனக்குச் சளி கட்டியது அதனால்தான். எங்கள் மருந்து காவல் பக்கமே போகாது. செல்கள் கோத்துக்கொண்டிருக்கும் பிடியை மட்டும் எடுத்துவிடும்.

முழங்கால் மாற்று ஆபரேஷனில் வெட்டி எடுக்கும் சவ்வுத் துண்டுகள் ஐஸ் பெட்டியில் எங்களிடம் வரும். அவற்றிலிருந்து செல்களைப் பிரித்து இரண்டு வாரம் பிளாஸ்டிக் தட்டுகளில் வளர்ப்பேன். பாதித் தட்டில் மருந்து, பாதித் தட்டில் வெறும் ஊட்டநீர். பிறகு புரதத்தை அளப்பேன். மருந்து போட்ட தட்டுகளில் பத்தில் எட்டு செல்லுக்குப் புரதமே இல்லை. பதினொரு முறை செய்தேன், அக்கா. பதினொரு முறையும் அதே முடிவு. எங்கள் பேராசிரியர் லேசில் யாரையும் பாராட்டமாட்டார். அவரே என் நோட்டைப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். அதற்கப்புறம்தான் மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க ஆஸ்பத்திரி ஒத்துக்கொண்டது.

தங்கை பதில்: நிறுத்து. நான் கண்ணால் பார்க்காத ஒன்றுக்காக உன் கையைப் பணயம் வைப்பேனா?

வெள்ளிக்கிழமை வருகிறேன். அத்தானிடம் அந்தச் சிவப்புக் கார் கதையை எனக்காக இன்னொரு தடவை நடிக்கச் சொல்.

வாலு


மார்ச் 19

வாலு,

பிப்ரவரி ஒன்றில் நிறுத்தினேன். முதல் மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. இத்தனை நாள் வெறும் தண்ணீரைத்தான் போட்டுக்கொண்டேனோ என்று உன் அத்தானிடம் கிண்டலடித்தேன். நான்காம் வாரம் தெரிந்துபோயிற்று. இப்போது இரண்டு மணிக்கட்டும் ரொட்டி மாதிரி உப்பியிருக்கின்றன. பல் தேய்க்கப் பிரஷை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொள்கிறேன். சட்டைப் பொத்தானை அவர்தான் போட்டுவிடுகிறார். கழுத்து வரைக்கும் எல்லாவற்றையும் பூட்டி, முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி அனுப்புகிறார்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு திருட்டு வழக்கு. சாட்சி ஒரு தையல்காரப் பெண். அவளுக்குக் காது கேட்காது. கடைக்குள் அவளைத் தள்ளிவிட்டது யார் என்பது கேள்வி. கையால் சொன்னேன். அவள் முகத்தைச் சுளித்தாள். மறுபடி சொன்னேன். மூன்றாம் முறை அவள் என்னை விட்டுவிட்டு நீதிபதியைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் நீதிபதி.

சாட்சி சொல்வதைச் சொல்வதுதானே என் வேலை? சொன்னேன். "இந்தம்மாவுக்குக் கை திக்குது, வேற ஆளைக் கூப்பிடுங்கன்னு சொல்றாங்க, ஐயா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைத் தோளால் சாத்திக்கொண்டு அழுதேன். தாழ்ப்பாளைப் போட முடியவில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒரு சாட்சியின் வார்த்தையைக்கூட நான் மாற்றிச் சொன்னதில்லை. அன்றைக்கும் மாற்றவில்லை. அதில் மட்டும் ஒரு திருப்தி.

ஏப்ரல் கடைசியில் சோதனை தொடங்கும் என்றாய். இன்னும் ஐந்து வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். தேதி மட்டும் தள்ளிப் போகாமல் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். தேதி தள்ளிப் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியின் அனுமதிக் குழுவில் ஒருவர் ஒப்புதல் படிவத்தை மாற்றி எழுதச் சொல்லிவிட்டார். மாற்றியதை அடுத்த கூட்டத்தில்தான் பார்ப்பார்களாம். ஜூன் கடைசி என்கிறார்கள்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். மூட்டு டாக்டர் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னாயே, அதைத் தொட்டுவிடாதே. தொட்டால் பன்னிரண்டு வாரக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இருபத்தாறு பேர் காத்திருக்கிறீர்கள். உன் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று. இன்னும் கொஞ்சம்தான்.

போன வெள்ளிக்கிழமை உன் கையைப் பார்த்தேன். பார்க்காதது மாதிரி டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தான் என்னிடம் ஏதோ நீளமாகக் கேட்டார். புரியவில்லை. சிரித்துவைத்தேன். என்ன கேட்டார்?

வாலு


மே 16

வாலு,

பேனாவை உள்ளங்கையோடு சேர்த்துத் துணியால் கட்டி எழுதுகிறேன். அதனால் சுருக்கம்.

இந்த வெள்ளிக்கிழமை வராதே.

போன தடவை என் சட்டத்தை நானே மீறினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்ததைத் தாங்க முடியாமல், அவர் எதிரிலேயே உன்னிடம் வாயால் கத்தினேன். பதினேழு வருடக் கல்யாணத்தில் முதல் முறை. அவர் உன் உதட்டையும் என் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ ரயிலுக்குப் போன பிறகு, "என்னைப் பத்தியா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லக் கையைத் தூக்கினேன். வலியில் பாதியிலேயே நின்றுவிட்டது. தலையை ஆட்டி முடித்தேன். அந்தப் பாதியைத்தான் அவர் நம்பியிருப்பார் என்று தோன்றுகிறது.

அன்றைக்கு என்ன கேட்டார் என்று எழுதியிருந்தாயே. உனக்கும் மூட்டு வலி வருமா, அக்கா தங்கைக்கு வருமாமே, பரிசோதனை செய்துகொண்டாயா என்று கேட்டார். நீ சிரித்தாய். பதினேழு வருடமாக வந்து போகிறாய், நூறு வார்த்தை கற்றுக்கொள்ள உனக்கு நேரம் வாய்க்கவில்லை.

அக்கா


ஜூன் 19

அக்கா,

ஒரு மாதமாக எழுதாததற்குக் கோபித்திருப்பாய். இந்தக் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டாதே. முதலில் நீ மட்டும் படி.

நீ வர வேண்டாம் என்றதால் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ரயில் இல்லை. சோதனை தொடங்கும் முன் கடைசியாக ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம் என்று மருந்துத் தட்டுகளை எடுத்தேன். அவசரம் ஒன்றும் இல்லை. முறைப்படி ஒரு ராத்திரி விட்டு, சனிக்கிழமை காலையில் அளந்தேன்.

புரதம் இருந்தது. மருந்து போடாத தட்டில் எவ்வளவோ அவ்வளவு.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். செல்கள் தட்டில் ஒட்டி வளரும். அவற்றை அளக்க வேண்டும் என்றால் முதலில் கிளப்ப வேண்டும். அதற்கு டிரிப்சின் என்ற நொதி கலந்த திரவத்தை ஊற்றுவோம். அது செல்லைத் தட்டிலிருந்து விடுவிக்கும்போது மேலே இருக்கும் ஒட்டுப் புரதத்தையும் சேர்த்து மழித்துவிடும். இது முதல் வருட மாணவருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் கிளப்பிய செல்களை ஒரு ராத்திரி ஊட்டநீரில் ஓய்வாக விடுவோம். புரதம் திரும்ப முளைத்த பிறகே அளப்போம். வெறும் தட்டுகளை வியாழக்கிழமை கிளப்புவேன். அவற்றுக்கு ஒரு ராத்திரி ஓய்வு கிடைத்தது. மருந்துத் தட்டுகளில் மருந்து ஒரு நாள் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால் அவற்றை வெள்ளிக்கிழமை மதியம் கிளப்புவேன். செல்கள் வளர இரண்டு வாரம். நான் உன்னிடம் வருவதும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அதனால் ஒவ்வொரு தடவையும் நான் ரயில் ஏறும் வெள்ளிக்கிழமையில்தான் சோதனை முடிந்தது. ஐந்து நாற்பதுக்கு ரயில். அவற்றுக்கு நான் கொடுத்த ஓய்வு அரை மணி நேரம்.

சவரம் செய்த அரை மணி நேரத்தில் ஒருவன் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இவனுக்குத் தாடியே வளராது என்று எழுதிவிட்டேன். பதினொரு முறை எழுதினேன். நோட்டில் இரண்டு வகைத் தட்டுக்கும் 'ஓய்வு கொடுக்கப்பட்டது' என்று ஒரே வரி. கொடுத்தேன்தானே என்று அப்போது நினைத்தேன். அந்த வரியைப் படித்த யாருக்கும், பேராசிரியருக்கும்கூட, சந்தேகம் வர வழியில்லை. எனக்கு வந்திருக்க வேண்டும். முடிவு எனக்குப் பிடித்த மாதிரி இருந்தது, அதனால் நான் தோண்டிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமைக்குப் பிறகு இன்னும் இரண்டு ஆபரேஷன் துண்டுகளில் செய்து பார்த்துவிட்டேன். மருந்து எதையும் செய்வதில்லை, அக்கா. கெடுதல்கூடச் செய்வதில்லை.

பேராசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வாலு


ஜூன் 27

என்னிடம் முதலில் சொன்னதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் ஒருத்தி. மீதி இருபத்தைந்து பேர் இன்றைக்கும் உன் பேச்சை நம்பி மருந்தில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கடிதம் எழுதி, தபால் போட்டு, என் பதிலுக்குக் காத்திருந்து, அவர்களுக்கு இன்னொரு வாரத்தைக் கெடுத்திருக்கிறாய்.

போய்ச் சொல். பிறகு எனக்கு எழுது. அதற்கு முன்னால் எழுதாதே.

அக்கா


ஜூலை 11

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

பேராசிரியர் நோட்டுகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லி, பதினொரு வெள்ளிக்கிழமையையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அரை மணி நேரம்னு எழுதியிருந்தா முதல் தடவையே கண்டுபிடிச்சிருப்பேன். திட்டியிருப்பேன், நீயும் அழுதிருப்பே, அதோட போயிருக்கும். இப்ப திட்டக்கூட வாய் வரலை." அங்கேயே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தார். சோதனை ரத்து. இந்த முடிவுகளை வைத்து வெளியிட்ட எங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையையும் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்.

இருபத்தாறு பேருக்கும் செய்தி சொல்ல வேண்டும் அல்லவா? நர்ஸ் ஃபோன் செய்யும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். நியாயம்தான். சிலர் கத்தினார்கள். பஸ் டிக்கெட் கொடுக்கும் ஒருவர், "அப்ப அடுத்த சோதனை எப்போங்க?" என்று கேட்டார். பட்டியலில் உன் பெயர் பதினேழாவது. நர்ஸ் என்னைப் பார்த்தாள். அவங்களுக்குத் தெரியும் என்று சொன்னேன்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஐஸ் பெட்டிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். மைக்ரோஸ்கோப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மட்டும் பழையபடி பேசுகிறார். மற்றவர்கள் நான் உள்ளே போனால் வேறு பேச்சுக்கு மாறிவிடுகிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைகளில் நான் அவசரப்பட்டது உன்னைப் பார்க்க ஓடி வருவதற்காகத்தான். இதைச் சொல்லக் கூடாது என்று இரண்டு முறை அடித்தேன். மூன்றாம் முறையும் எழுதியிருக்கிறேன். உன் தலையில் பழி போட எழுதவில்லை. வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஊசியைத் திரும்பத் தொடங்கு. உடனே.

வாலு


ஆகஸ்ட் 30

வாலு,

கையெழுத்து இல்லையே என்று பதறாதே. அவர் பட்டறைக்குப் போன பிறகு வாயால் சொல்லச் சொல்ல ஃபோனே எழுத்தாக்கியதை, தெருமுனையில் ஜெராக்ஸ் எடுக்கும் பெண்ணிடம் அச்சடித்து வாங்கினேன். அவள் படித்திருப்பாள். படித்தால் படிக்கட்டும்.

ஜூலை முதல் வாரமே ஊசியைத் தொடங்கினேன். நீ சொல்லித் தொடங்கவில்லை. எட்டு வாரம் ஆயிற்று. ஊசி வேலை செய்யவே இல்லை. மூட்டு டாக்டர் விளக்கினார். நடுவில் விட்டுவிட்டுத் திரும்பப் போட்டால், சில உடம்புகள் மருந்தையே எதிரியாக எடுத்துக்கொண்டு விரட்டிவிடுமாம். "நான் அப்பவே சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம். வேறு ஊசி இருக்கிறதாம். வீக்கத்தைக் குறைக்குமாம். அரித்துப் போனதைத் திரும்பக் கொடுக்காது என்று அவரே சொன்னார்.

பத்து நாளைக்கு முன்னால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வலது கை மோதிர விரலும் சுண்டு விரலும் திடீரென்று தொங்கிவிட்டன. வலிகூட இல்லை. நிமிர்த்தப் பார்த்தேன், யாரோ ஒருத்தருடைய விரல்களுக்கு உத்தரவு போட்ட மாதிரி இருந்தது. வீங்கிய சவ்வு அரித்து அரித்துத் தசைநாரை அறுத்துவிட்டதாம். போன வாரம் நடுவிரலும் போய்விட்டது. இடது கையில் மணிக்கட்டோடு விரல்களும் இறுகிப்போயின. தைத்துப் பார்க்கலாம் என்றார் ஆபரேஷன் டாக்டர். கரண்டி பிடிக்க உதவும் என்றார். பேச உதவுமா என்று கேட்டேன். நான் எதைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

கோர்ட் வேலையை விட்டுவிட்டேன். என் இடத்துக்கு இளம்பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். நன்றாகச் செய்கிறாள்.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே இரண்டு வாரம் திரிந்தேன்.

சைகை மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். செவ்வாயும் வியாழனும். நீ சிரிப்பாய். என்னோடு படிக்கிறவர்கள் எல்லாரும் இருபது வயதுக்காரர்கள். என் விரல் எதையும் சொன்னபடி கேட்பதில்லை. வாத்தியார் என் கையைப் பிடித்துத் திருத்தும்போதெல்லாம் உன் ஞாபகம் வருகிறது. இதுவரை முப்பது வார்த்தை. முதலில் வருத்தம் என்ற வார்த்தையைத்தான் கேட்டு வாங்கினேன்.

இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வரட்டுமா? அத்தானிடம் நானே சொல்லிவிட வேண்டும். உன் கை போனது நோயினால் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், இல்லையா? அவர் என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். வீட்டுக்கு வராதே என்றாலும் சரி. தெரியாமல் என்னிடம் அன்பாக இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

வாலு


செப்டம்பர் 24

வாலு,

மன்னித்தேனா என்று கேட்டால், தெரியவில்லை. சில நாள் காலையில் ஆமாம் என்று தோன்றுகிறது. அவர் எனக்குப் பொத்தான் போடும்போது இல்லை என்று தோன்றுகிறது. உன் மேல் ஆத்திரம் வருகிறது. அரை மணி நேரத்தை நினைத்தால் வருகிறது. ரயிலை நினைத்தால் அடங்கிவிடுகிறது. மறுபடி வருகிறது.

உன் அத்தானைப் பற்றிச் சொல்கிறேன். அவர் இப்போது கேட்பதெல்லாம் நான் தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்விகள். பசிக்கிறதா, விசிறி போடட்டுமா, படுக்கிறாயா. பட்டறைக் கதை ஒன்றுகூடச் சொல்வதில்லை. கதை சொன்னால் நான் திரும்ப ஒன்று சொல்ல ஆசைப்படுவேன், முடியாமல் தவிப்பேன் என்று நினைக்கிறார் போல. நேற்று நண்பர் ஒருவர் வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவர் வாசலில் நின்று அவரிடம் அரை மணி நேரம் கை ஓயாமல் பேசினார், சிரித்தார், யாரையோ நடித்துக் காட்டினார். நண்பர் போன பிறகு உள்ளே வந்தவர் இரண்டு கையையும் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். வீட்டுக்குள் அப்படித்தான் நடக்கிறார். எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு செய்கிறார். நீங்கள் பேசுங்கள், நான் பார்த்துக்கொண்டாவது இருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வழியில்லை.

நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. ஜூன் மாதக் கடிதத்தை அப்போதே சொல்லியிருக்கலாம், அப்போது இடது கை கொஞ்சம் வேலை செய்தது. ஆத்திரத்தில் இருந்தேன். ஆறிய பிறகு சொல்லலாம் என்று விட்டேன். ஆறுவதற்குள் விரல் போய்விட்டது.

உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ள அவருக்கு வராது. எழுதிக் காட்டலாமே என்பாய். அவர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததே பன்னிரண்டு வயதில். பெயர், விலை, பெயின்ட் டப்பா எண் வாசிப்பார். நீ இத்தனை பக்கம் எழுதியதை எந்த மூன்று வார்த்தையில் சுருக்குவேன்? 'தங்கை தப்பு செய்தாள்' என்று எழுதினால் அவருக்கு அது மட்டும்தான் கிடைக்கும். நீ எதற்காக ரயிலுக்கு ஓடினாய் என்பது கிடைக்காது. பதினொரு தடவை நீ சந்தோஷப்பட்டது கிடைக்காது. பாதியைச் சொல்லி உன்னை மாட்டிவிட எனக்கு மனசு இல்லை. கோர்ட்டில் என் இடத்தில் இருக்கும் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லலாம். என் புருஷனுக்கு என் வீட்டுக் கூடத்தில் வைத்து இன்னொருத்தி இதை மொழிபெயர்ப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அது முடியாது.

வா. வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் நாலு நாளைக்கு ஒரு முறை உன்னைக் கேட்கிறார். உனக்கு அவர் ஒரு பெயர் வைத்திருக்கிறார் தெரியுமா? கன்னத்தில் ஒரு விரலால் தட்டுவார், நீ யோசிக்கும்போது தட்டிக்கொள்வாயே, அந்த மாதிரி. அதைச் செய்துவிட்டு வாசல் பக்கம் பார்ப்பார். நான் தலையாட்டுவேன், வருவாள் என்று.

அந்த வருத்தம் என்ற வார்த்தையை மட்டும் கொண்டு வராதே. நீ அதைச் சரியாகவே செய்வாய், அவருக்கும் புரியும். "எதுக்கு?" என்று கேட்பார். முப்பது வார்த்தையை வைத்துக்கொண்டு உன்னால் பதில் சொல்ல முடியாது. உனக்குத் தெரியவில்லை என்றதும், பதினேழு வருடப் பழக்கத்தில், அவர் என் பக்கம் திரும்பி என் கைகளைப் பார்ப்பார்.

அக்கா